கோடு விழாத பட்டை

வல்லம் வடகால் சிப்காட்டில் ஷிப்ட் மாறும் நேரம் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? பஸ் பஸ்ஸாக இறங்கும் கூட்டத்தில் முகம் முகமாகப் பார்க்க அவருக்கு நேரம் ஏது? யூனிஃபார்மின் நிறம், கழுத்தில் தொங்கும் கார்டு, அவ்வளவுதான். சிறுநீரில் போதைப்பொருளைத் தேடும் பட்டையும் இந்த மாதிரி ஒரு காவலாளிதான். அது ஆளைப் பார்ப்பதில்லை, சாயலைப் பார்க்கிறது.

பட்டைக்குள் இருப்பவை ஆன்டிபாடிகள். பெரும்பாலும் அவற்றோடு நுண்ணிய தங்கத் துகள்களை ஒட்டியிருப்பார்கள். (நிஜத் தங்கம்தான். அவ்வளவு பொடியானால் தங்கம் மஞ்சளாக இருக்காது, சிவந்துவிடும்.) கோடு விழவேண்டிய இடத்தில் தேடும் சரக்கையே முன்கூட்டித் தடவி வைத்திருப்பார்கள். சிறுநீர் சுத்தமாக இருந்தால் ஆன்டிபாடி ஓடிப்போய் அங்கே ஒட்டிக்கொள்ளும்; சிவப்புக் கோடு தெரியும். சிறுநீரிலேயே சரக்கு இருந்தால் வழியிலேயே அதைப் பிடித்துக்கொண்டு, நிற்காமல் கடந்து போய்விடும். கர்ப்பம் பார்க்கும் கார்டுக்கு நேர் எதிர். இங்கே கோடு விழாவிட்டால்தான் வில்லங்கம்.

சளிக்கு விழுங்கும் சூடோஎஃபெட்ரின், சாயலில் ஆம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளுக்கு ஒன்றுவிட்ட தம்பி; பட்டை ஏமாறலாம். வயிற்றெரிச்சலுக்கான ரானிடிடினும், பிரஷருக்கான லேபடலாலும்கூடச் சில சோதனைகளை ஏமாற்றியிருக்கின்றன. தலைகீழாகவும் நடக்கும். வலிக்குத் தரும் ட்ராமடால் 2018 முதல் இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் அபின் வகையைத் தேடும் சாதாரணப் பட்டை அதைக் கண்டுகொள்ளாது. யூனிஃபார்ம் வேறு.

இருமல் மருந்திலுள்ள கோடீனில் ஒரு பங்கை நம் ஈரலே, அபின் பட்டை தேடும் மார்பினாக மாற்றிவிடுகிறது. அதைவிட வேடிக்கை, குருமாவுக்கு அரைக்கும் கசகசா. அது அபின் செடியின் விதை. மேலே ஒட்டிய செடிப்பாலின் மிச்சம் சிறுநீர்வரை போகும். கசகசா தூவிய ரொட்டி தின்றவர்களெல்லாம் மாட்டிக்கொண்டதால்தான் அமெரிக்க அரசு 1998-ல் சோதனையின் வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு ஏற்றியது. சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டும்போது கசகசாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அங்கே அதற்குத் தடை.

ஆக, பட்டை சொல்வது வெறும் சந்தேகம். உறுதி செய்ய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். அது மூலக்கூறை உடைத்து, துண்டுகளை எடை பார்த்து, இன்னார்தான் என்று பெயர் சொல்லும். அதனிடம் சாயல் வேலைக்காகாது. ஆனால் சரக்கு ஏன் உள்ளே வந்தது என்று அதற்கும் தெரியாது.

2019 பிப்ரவரி 22 அன்று இந்தூரில், சையத் முஷ்டாக் அலி போட்டியின்போது கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவிடம் சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். டெர்புடலின் இருந்தது. இங்கே பல இருமல் சிரப்புகளில் இருக்கும் மருந்து அது, விளையாட்டில் தடைசெய்யப்பட்டது. இருமலுக்காகத் தெரியாமல் குடித்துவிட்டதாக அவர் சொன்னதைக் கிரிக்கெட் வாரியம் ஏற்றுக்கொண்டது. தடை எட்டு மாதம்.