நீங்க 'நீங்க'தானா? போலந்து மொழியில கேட்டா என்ன ஆகும்?

'நீ நீயா இரு மச்சி!' கேன்டீன்ல ஆரம்பிச்சு டி-ஷர்ட் வாசகம் வரைக்கும் இலவசமா கிடைக்கிற அட்வைஸ் இது. சரி, நீங்க எந்த அளவுக்கு நீங்களா இருக்கீங்கன்னு அளந்து சொல்ல முடியுமா?

2008-ல் அலெக்ஸ் வுட், ஸ்டீபன் ஜோசப் உள்ளிட்ட 5 உளவியல் ஆய்வாளர்கள் அதற்கு ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மொத்தமே 12 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்துதுன்னு 1 முதல் 7 வரை மார்க் போடணும். அடிப்படை, உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழிவந்த சிந்தனை. மனசுல பட்டபடி வாழறீங்களா? மத்தவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறீங்களா? 'நான் யாருன்னே எனக்குப் புரியலை'ன்னு உங்களுக்கே நீங்க அந்நியமா இருக்கீங்களா? இந்த மூணுக்கும் தலா 4 வாக்கியம். முதலாவதில் மார்க் ஏறினால் நல்லது, மற்ற ரெண்டில் ஏறினால் வில்லங்கம்.

இதை போலிஷ் மொழிக்குக் கொண்டுபோக டிக்‌ஷனரி போதாதான்னு கேட்பீங்க. போதாது பாஸ்!

தமிழில் 'நான் இருந்தேன்'னு பையனும் சொல்லலாம், பொண்ணும் சொல்லலாம். போலிஷில் பையன் 'பிவெம்' என்பான், பொண்ணு 'பிவாம்' என்பாள். 'உண்மையானவன்', 'உண்மையானவள்' மாதிரி, 'எனக்கு நான் விசுவாசமாக இருக்கிறேன்' என்று சொல்லவும் 'வியெர்னி', 'வியெர்னா' என்று ரெண்டு சொல் வேண்டும். ஆண்பால் வாக்கியத்தை மட்டும் அச்சடிச்சுக் கொடுத்தா, படிக்கிற பொண்ணுக்கு அது தன்னைப் பற்றிய வாக்கியமாவே படாது. அப்புறம் பையன்களுக்கும் பொண்ணுங்களுக்கும் மார்க் வித்தியாசப்பட்டால், காரணம் மனசா, இலக்கணமான்னு யார் சொல்றது?

நடுவுல கோடு போட்டு ரெண்டு விகுதியையும் எழுதலாம். ஆனா படிக்கவே இடறும். ரெண்டிலும் சேராதவங்க நிலைமை இன்னும் மோசம். 'நீ நீயா இருக்கியா?'ன்னு கேட்கிற தாளே, முதல்ல ஒரு வேஷத்தைப் போட்டுக்கோன்னு சொல்லுதே! நல்லவேளை, தப்பிக்க வழி இருக்கு. நிகழ்கால வினைச்சொல்லில் அந்த மொழியில் பால் வேறுபாடு கிடையாது. 'நான் நானாக இருக்கிறேன்' என்பதற்கு 'யெஸ்தெம் சொபோம்' என்று யாருக்கும் பொருந்துகிற பேச்சுவழக்கே இருக்கு. சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறதைவிட இப்படி வளைத்து எழுதறதுதான் சரியான வேலைன்னு எனக்குத் தோணுது.

இப்படிப் பெயர்த்ததை, மூலத்தையே பார்க்காத இன்னொருத்தர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். அர்த்தம் நழுவியிருந்தா அங்கே மாட்டிக்கும். அப்புறம் நிறையப் பேரிடம் கொடுத்து, 12 வாக்கியமும் அதே மூணு கட்டமா பிரியுதா, சுயமதிப்பு மாதிரியான அளவுகோல்களோட ஒத்துப்போகுதான்னு கணக்குப் போடுவாங்க. சில வாரம் கழிச்சு அதே ஆட்களிடம் திரும்பக் கொடுக்கிறதும் உண்டு.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்? ஒரு கவுன்சலர் இந்த மார்க்கைப் பார்த்துதான் எதிரே உட்கார்ந்திருக்கிற மாணவி தன்னையே தொலைச்சுட்டு நிக்கிறாளான்னு யோசிக்கப்போறார். வாக்கியம் கோணல்னா, பழி அவள் மேல விழும்.

போலந்து மாணவர்களிடம் மட்டும் இந்த அளவுகோலைச் சோதித்தால் போதுமா? கவனிங்க, மாணவர்கள்! உங்க வயசுக்காரங்க. அந்த ஊர் பஸ் டிரைவருக்கும் கிராமத்துப் பாட்டிக்கும் இதே மூணு கட்டம் பொருந்துமான்னு பார்க்க, அவங்க கையிலயும் அந்தத் தாளைக் கொடுத்தாகணும்.