உங்களுக்குத் தெரியுமா? – ஆஸ்கார் வென்ற மின்னணு நாதம்

இத்தாலியின் வடகோடியில் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் 1940-ஆம் ஆண்டு பிறந்த ஜியார்ஜியோ மொரோடர், 1977-இல் பீட் பெல்லாட்டுடன் சேர்ந்து, அமெரிக்கப் பாடகி டோனா சம்மருக்காக 'ஐ ஃபீல் லவ்' என்ற பாட்டை ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் தயாரித்தபோது, வழக்கமான வாத்திய கோஷ்டியை விலக்கிவிட்டு, மூக் என்னும் மின்னணு வாத்தியத்தின் நாதத்தையே ஏறக்குறைய முழு ஆதாரமாகக் கொண்டார். பார்வைக்கு மகா கம்பீரமான அந்த யந்திரமோ அடிக்கடி சுருதி பிசகும் சுபாவம் உடையதாகையால், சிறிது நேரம் பதிவு செய்து, நிறுத்தி, மீண்டும் சுருதி கூட்டிப் பதிவு செய்யும் சிரமம் நேர்ந்தது. பெரிய டிரம்மின் கனத்த அடியை எழுப்பும் சக்தியும் அதற்கு இல்லாமற் போகவே, அதை மட்டும் கீத் ஃபோர்சி என்ற மனிதரே வாசித்தார். யந்திர சங்கீதம் என்று இகழ்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பாட்டின் பாணியிலேயே தம் படத்துக்கும் இசை வேண்டுமென்று டைரக்டர் ஆலன் பார்க்கர் கேட்டதன் விளைவுதான், 1978-இல் வெளிவந்த 'மிட்நைட் எக்ஸ்பிரஸ்' படத்தின் பின்னணி இசை. திரைப்படத்துக்கு இசையமைப்பதில் அதிகப் பழக்கமில்லாத ஒருவருக்கு அது ஆஸ்கார் பரிசைப் பெற்றுத் தந்தது அபூர்வமே.

பின்னர் 'ஃப்ளாஷ்டான்ஸ்', 'டாப் கன்' படங்களின் பாடல்களுக்காக மேலும் இரண்டு ஆஸ்கார் பரிசுகள் வந்தன. முன்னதன் பாடலாசிரியர்களில் ஒருவராக அப்பரிசைப் பகிர்ந்துகொண்டவர், டிரம் வாசித்த அதே கீத் ஃபோர்சி.