13 ஆயிரம் பேருக்கு வேலை! சொன்னது என்ன? நடந்தது என்ன?

"எங்கள் ஊரில் தொழிற்சாலை கட்டுங்கள். எங்கள் ஆட்களுக்கு வேலை கொடுங்கள். வரியில் சலுகை தருகிறோம்!"

அமெரிக்காவில் பல ராஜ்யங்கள் கம்பெனிகளை இப்படித்தான் அழைக்கின்றன. கம்பெனி வந்தால் வேலை வரும்; வேலை வந்தால் ஊர் செழிக்கும் என்பது கணக்கு.

இந்தக் கணக்கு எப்போது பலிக்கும்? எப்போது பொய்க்கும்? விஸ்கான்சின் ராஜ்யத்தில் நடந்ததைப் பாருங்கள்.

பெரிய பேரம்

விஸ்கான்சின், பால் பண்ணைகளுக்குப் பெயர் போன ராஜ்யம். 2017-ம் ஆண்டில் தைவான் நாட்டு "பாக்ஸ்கான்" கம்பெனி அங்கே வந்தது. ஐபோன் செய்து கொடுக்கும் கம்பெனி இது. சென்னை அருகே ஸ்ரீபெரும்புதூரிலும் இதற்குத் தொழிற்சாலை உண்டு.

1,000 கோடி டாலர் முதல் போட்டு டெலிவிஷன் திரைகள் செய்வதாகவும், 13 ஆயிரம் பேருக்கு வேலை தருவதாகவும் கம்பெனி சொன்னது.

அப்போது ஸ்காட் வாக்கர் கவர்னராக இருந்தார். (அங்கே கவர்னர் என்பவர் நம் முதல்-மந்திரி போன்றவர்.) சுமார் 285 கோடி டாலர் சலுகை தர அவர் ஒப்பந்தம் செய்தார். அதாவது, ஒரு வேலைக்கு 2 லட்சம் டாலருக்கு மேல்!

யார் பணம்?

அந்த ராஜ்யத்தில் தொழிற்சாலைகளின் லாபத்துக்கு வரி ஏற்கனவே மிகக் குறைவு. ஆகவே, சலுகையின் பெரும்பகுதி ரொக்கமாகவே கம்பெனிக்குப் போகும். கம்பெனி 100 டாலர் சம்பளம் கொடுத்தால், அரசாங்கம் 17 டாலர் திருப்பித் தரும்.

அது மற்ற மக்கள் கட்டிய வரிப் பணம்!

காப்பாற்றிய நிபந்தனை

ஆனால், ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆண்டுதோறும் இத்தனை பேர் வேலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சலுகை கிடையாது.

2018-ல் குறைந்தது 260 பேர் வேண்டும். கணக்கில் தேறியவர்கள் 113 பேர். 2019-ல் 520 பேர் வேண்டும். அரசாங்கக் கணக்குப்படி இருந்தவர்கள் 281 பேர். இரண்டு ஆண்டுக்கும் சலுகை கிடைக்கவில்லை.

சொன்ன பெரிய தொழிற்சாலையும் எழவில்லை. 2018 தேர்தலில் வாக்கர் தோற்றார். புதிய கவர்னர் டோனி எவர்ஸ் 2021-ல் ஒப்பந்தத்தை மாற்றினார். 1,454 பேருக்கு வேலை. சலுகை அதிகபட்சம் 8 கோடி டாலர். ஒரு வேலைக்கு 55 ஆயிரம் டாலர். பழைய பேரத்தில் நான்கில் ஒரு பங்கு!

இடிந்த வீடுகள்

ராஜ்யத்தின் சலுகைப் பணம் மிஞ்சியது. ஆனால், தொழிற்சாலைக்கு இடம் கொடுத்த மவுண்ட் பிளசன்ட் என்ற சிற்றூர் தப்பவில்லை.

நிலம் வாங்கவும், சாலை போடவும், குழாய் பதிக்கவும் அந்த ஊர் கோடிக்கணக்கான டாலரை முன்கூட்டியே செலவிட்டது. பல குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. வீடுகள் இடிக்கப்பட்டன.

2023-ல் அந்த நிலத்தில் ஒரு பகுதியை "மைக்ரோசாப்ட்" கம்பெனி வாங்கியது. நிலத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. இடித்த வீடு திரும்பி வருமா?

வீடு கட்டுகிறவர் கொத்தனாருக்கு எப்படிப் பணம் கொடுக்கிறார்? சுவர் எழுந்த அளவுக்குத்தான் கொடுக்கிறார். அரசாங்கத்துக்கும் அதே கணக்குதான்!