யுக்கி வேறு, யூக்கி வேறு

நாவல் எழுதிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். கியோட்டோவில் கடிகாரம் பழுதுபார்க்கும் கிழவர் ஒருவர் அவர் கதையில் வருகிறார். 1943இல் பிறந்தவர், எதற்கும் அஞ்சாதவர். ஏதோ ஒரு பெயர்ப் பட்டியலில் துழாவி, 'துணிச்சல்' என்று அர்த்தம் போட்டிருந்த 'யுக்கி'யைப் பிடித்து அவருக்குச் சூட்டிவிட்டாராம். சரிதானே என்று கேட்கிறார்.

சரியில்லை. ஏன் சரியில்லை என்பதுதான் சுவாரசியம்.

குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்பதெல்லாம் ஜப்பானியப் படம் பார்ப்பவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுவோம். தெரிய வேண்டியது வேறு: ஜப்பானியப் பெயருக்கு அர்த்தம் தருவது ஒலி அல்ல, அதை எழுதும் கான்ஜி எழுத்து. ஜான் லெனனின் மனைவி யோக்கோவின் பெயரில் கடலும் குழந்தையும் இருக்கின்றன. இன்னொரு யோக்கோ தன் பெயரைச் சூரியனைக் குறிக்கும் எழுத்தால் எழுதுவார். காதுக்கு இரண்டும் ஒன்றே. அதனால்தான் புதிதாக அறிமுகமாகும் ஜப்பானியர்கள் பெயரைக் கேட்டதும், எந்த எழுத்து என்று அடுத்த கேள்வி போடுகிறார்கள்.

தலைகீழாகவும் நடக்கும். 'பெரிய', 'உயரப் பற' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் பையன்களுக்கு வைப்பது ஒரு காலத்தில் பெரிய மோகமாக இருந்தது. அதை ஒரு வீட்டில் ஹிரொட்டோ என்பார்கள், அடுத்த வீட்டில் ஹருட்டோ, இன்னொரு வீட்டில் யமட்டோ. எழுத்தைத் தேர்வு செய்ய அரசு வரம்பு வைத்திருக்கிறது: அன்றாடப் பயன்பாட்டுக்கான 2136 எழுத்துகள், பெயர்களுக்கென்றே கூடுதலாக 863. உச்சரிப்புக்கோ நெடுங்காலம் வரம்பே இல்லை. 1993இல் அக்கிஷிமா நகரில் ஒரு தந்தை தன் மகனுக்கு 'அக்குமா', அதாவது 'சாத்தான்', என்று பதியப் போனார். இரண்டு எழுத்துமே அனுமதிக்கப்பட்டவைதான்! விவகாரம் குடும்ப நீதிமன்றம்வரை போய், கடைசியில் குழந்தைக்கு வேறு பெயர் வந்தது. 2004இல் பெயர் எழுத்துகளை விரிவாக்க வரைவுப் பட்டியல் ஒன்றை வெளியிட்டபோது அதில் மலம், புற்றுநோய் ஆகியவற்றுக்கான எழுத்துகளும் புகுந்திருந்தன. மக்கள் கொதித்தெழுந்த பிறகு அவை நீங்கின; அதே பட்டியலில் இருந்த ஸ்ட்ராபெரிக்கான எழுத்து உள்ளே வந்தது. 2025 மே 26 முதல் உச்சரிப்பையும் குடும்பப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். எழுத்துக்குச் சம்பந்தமே இல்லாத உச்சரிப்பு இனிச் செல்லாது.

இத்தனைக்கும் மேலே கோடுகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் வேறு. கான்ஜியை எழுத எத்தனை கோடு இழுக்க வேண்டும் என்று கூட்டி, ராசி பார்த்துப் பெயர் வைக்கும் பெற்றோர் இன்றும் உண்டு. எண் கணிதக்காரர் சொன்னாரென்று பெயரில் ஓர் 'ஏ'யைக் கூட்டிக்கொண்ட என் சித்தி மகன் அங்கே பிறந்திருந்தால் கோடுகளைக் கூட்டியிருப்பான்.

என்னை மயக்குவது இவை எதுவுமல்ல, குறிலும் நெடிலும்தான். யோக்கோவின் குடும்பப் பெயர் ஒனோ. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவுண்டு என்று வாதிட்ட மொழியியலாளர் சுசுமுவின் குடும்பப் பெயர் ஓனோ. முன்னது 'சிறு வயல்வெளி', பின்னது 'பெரு வயல்வெளி'. இரண்டிலும் 'னோ' அதே வயல்வெளிதான். முதலெழுத்து குறிலானால் சிறிது, நெடிலானால் பெரிது. இதே பெரிய ஓகாரம்தான் ஓசக்கா நகரின் தொடக்கத்திலும் நிற்கிறது. நம் பத்திரிகைகள் அதை 'ஒசாகா' என்று அச்சிட்டு, பெரியதைச் சிறியதாக்கிவிடுகின்றன.

ஆங்கில எழுத்தில் இந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துபோகிறது. ஜப்பானியரின் பாஸ்போர்ட்டிலேயே வழக்கமாக நெடில் விழுந்துவிடும். தமிழில் அப்படியில்லை, ஒகரமும் ஓகாரமும், உகரமும் ஊகாரமும் நம்மிடம் தனித்தனியே இருக்கின்றன. ஆங்கிலம் வழியாகவே ஜப்பானை வாசித்து, ஆங்கிலம் தொலைத்ததை நாமும் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். மூலத்தில் எது குறில், எது நெடில் என்று ஒருமுறை பார்த்தால் போதும், தமிழில் பிசகாமல் எழுதிவிடலாம். மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அந்த ஒருமுறையைக்கூடப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

வாசகரின் கிழவருக்கு நடந்ததும் இதே விபத்து. குறில் 'யுக்கி' பெரும்பாலும் பெண் பெயர். பனி என்றும் எழுதலாம், மகிழ்ச்சி என்றும் எழுதலாம். துணிச்சல் என்பது நெடில் 'யூக்கி'. பட்டியல் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது.

சரி, யூக்கி என்று மாற்றிவிடலாமா? அங்கே இன்னொரு சிக்கல்: ஜப்பானியப் பெயர் பிறந்த ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும். யூக்கி என்றால் 1980களிலும் அதற்குப் பிறகும் பிறந்த பையன் முகம்தான் அவர்களுக்குத் தோன்றும். 1926 டிசம்பரில் புதிய பேரரசரின் ஷோவா காலம் தொடங்கியதும் அந்தக் காலப்பெயரின் எழுத்துகளே குழந்தைகளுக்குப் பாய்ந்தன. 'ஷோவா'வில் 'வா' என்று ஒலிக்கும் எழுத்து, பெண் குழந்தையின் பெயரில் 'கஸு' என்று ஒலித்தது. கஸுக்கோ பல ஆண்டுகள் முதலிடத்தை விடவில்லை. போர் மூண்டபோது பையன்களுக்கு மசரு, அதாவது வெற்றி, என்று வைத்தார்கள். கூடவே முன்வரிசையில் நின்ற இன்னொரு பெயர் இசமு.

இந்த இசமுவை ஒற்றை எழுத்தால் எழுதினார்கள். அதன் கீழ்ப்பகுதியை உற்றுப் பார்த்தால் 'ஆண்' என்ற எழுத்து தெரியும்: மேலே நான்கு கட்டமாகப் பிரித்த வயல், கீழே வலிமை. 'யூக்கி' என்ற துணிச்சலில் 'யூ' என்று ஒலிக்கும் எழுத்தும் இதேதான். தனியாக நின்று பெயராகும்போது இசமு என்றும் ஒலிக்கும்.

ஆகவே வாசகர் அர்த்தத்தை மாற்ற வேண்டியதில்லை. 1943இல் பிறந்த கடிகாரக்காரர் இசமுவாக இருக்கட்டும். கதையில் அவருக்குத் தம்பி இருந்தால் ஜிரோ என்று வைக்கலாம். இரண்டாம் மகன் என்று பொருள். ஆனால் அண்ணனுக்கு இச்சிரோ, அதாவது முதல் மகன், என்று வைக்காமல் இசமு என்று ஏன் வைத்தார்கள் என்பதற்கு அவர்களின் அப்பாவுக்கும் ஒரு காரணம் எழுதியாக வேண்டும்.