முந்நூறு வாங்கித் தொண்ணூற்று நான்கு பெற்ற கதை

சென்ற பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, வரவு செலவு அறிக்கையில் இணையத் தொடர்பிற்கான செலவு முந்திய ஆண்டைவிட ஏறியிருப்பது ஏன் என்று வினவினார். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத் திட்டத்தை விடுத்து 300 மெகாபிட் திட்டத்திற்கு மாறியதே காரணம் என்று காரியதரிசி விடை கூறினார். "அப்படியானால் மூன்று மடங்கு வேகம் வந்ததா?" என்பது அவருடைய அடுத்த வினா. அதற்கு விடை கூற மேடையில் இருந்த எவராலும் இயலவில்லை.

பணம் அங்கத்தினர்களுடையது, ஆதலின் கணக்குச் சொல்லும் கடமை நம்முடையது. மறு வாரமே அலுவலகக் கணினியில் வேகத்தை அளந்து பார்த்தோம். கண்டது 94. மீண்டும் மீண்டும் அளந்தோம். காலையிலும் 94, இரவிலும் 94. பழைய குறிப்புகளைப் புரட்டியபோது, 100 மெகாபிட் திட்டம் இருந்த நாளிலும் அதே 94 தான் என்று தெரிந்தது. அக்காலத்தில் தாமதம் பற்றி முறையிட்டதற்கு, "பெரிய திட்டத்திற்கு மாறுங்கள்" என்று மட்டுமே தொடர்பு அளித்தவர்களின் ஆள் சொல்லிச் சென்றார். நாமும் மாறினோம். 14 மாதங்கள் கூடுதல் கட்டணம் செலுத்தினோம். இந்த 94 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம். பல அங்கத்தினர் இல்லங்களிலும் இதே எண் ஒளிந்திருக்கக் கூடும்.

முதலில் அளவையைப் பற்றி ஒரு சொல். எட்டு நாழி கொண்டது ஒரு குறுணி என்பது நம் பழைய முகத்தலளவை. இணையத்திலும் எட்டு பிட் கொண்டது ஒரு பைட். திட்டத்தின் வேகத்தை நாழியாகிய பிட் கணக்கில் சொல்வார்கள். கோப்பின் அளவையோ குறுணியாகிய பைட் கணக்கில் கணினி காட்டும். 300 மெகாபிட் என்றால் விநாடிக்கு 37.5 மெகாபைட் மட்டுமே. 600 மெகாபைட் அளவுள்ள சேலை வடிவத் தொகுப்பொன்றை இறக்கிக்கொள்ள 300 மெகாபிட் வேகத்தில் 16 விநாடி ஆகும். 94-இல் 51 விநாடி. "முந்நூறு வாங்கியும் முப்பத்தேழு தான் வருகிறது" என்று சிலர் நம்மிடம் வருந்துவதுண்டு. அவர்கள் ஏமாற்றப்படவில்லை, நாழியையும் குறுணியையும் கலந்து அளந்துவிட்டனர், அவ்வளவே.

'பிராட்பேண்டு' என்ற சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு. 2004-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி இந்தியாவில் விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அப்பெயர் பெறலாம். 2013-இல் அது 512 கிலோபிட் ஆயிற்று. 2023-இல் 2 மெகாபிட் ஆக்கப்பட்டது. ஆகவே பிராட்பேண்டு என்னும் பெயரால் மட்டும் ஒரு தொடர்பின் தரத்தை மதிப்பிட இயலாது.

இனி வழியைப் பார்ப்போம். தெருவில் வரும் கண்ணாடியிழை வடம் பெரிய கால்வாய் போன்றது. பரவலாக வழங்கும் ஜீபான் என்னும் முறையில், ஓர் இழையில் விநாடிக்கு ஏறத்தாழ 2,488 மெகாபிட் நம்மை நோக்கி வரவும், 1,244 மெகாபிட் நம்மிடமிருந்து செல்லவும் இடமுண்டு. அதனை 32 அல்லது 64 இல்லங்கள் பகிர்ந்துகொள்கின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் முழுமதகைத் திறப்பதில்லை ஆதலால் பெரும்பாலும் குறை தெரிவதில்லை. அந்த இழை நம் சுவரிலுள்ள பெட்டியில் முடிகிறது. திட்டத்தின் வேகம் என்று சொல்லப்படுவது அதுவரைக்கும் உரியது. அதற்கப்பால் பெட்டியின் துளை, லேன் கேபிள், ஸ்விட்ச் என்னும் கிளைப்பெட்டி, மீண்டும் ஒரு கேபிள், கடைசியில் கணினியின் துளை ஆகிய யாவும் நம் வயலுக்குள் ஓடும் வாய்க்கால்கள். கால்வாயில் எவ்வளவு நீர் வந்தாலும் மடையின் அகலத்திற்கு மேல் வயலுக்குப் பாயாது என்பதை உழவர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

நமது மடை, பீரோவின் மேல் தூசி படிந்து கிடந்த எட்டுத் துளை ஸ்விட்ச். அதன் அடிப்புறச் சீட்டில் '10/100' என்று அச்சிட்டிருந்தது. அதன் பொருளை அறிந்திருந்தால் 14 மாதக் கட்டணம் மிஞ்சியிருக்கும்.

கம்பி வழித் தொடர்பாகிய ஈதர்நெட், 1973-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரிலுள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பாரும் அவர்தம் துணைவர்களும் உருவாக்கியது. அதன் முதல் வேகம் 2.94 மெகாபிட். முறுக்குக் கம்பியில் 10 மெகாபிட் ஓடும் தரம் 1990-இலும், 100 மெகாபிட் 1995-இலும், 1,000 மெகாபிட் 1999-இலும் வகுக்கப்பட்டன. 2016-இல் 2,500, 5,000 மெகாபிட் தரங்களும் வந்தன. இணைக்கப்பட்ட இரு கருவிகளும் தமக்குள் பேசி, இரண்டுக்கும் இயன்ற மிகுந்த வேகத்தைத் தாமே தெரிந்தெடுத்துக்கொள்ளும். ஒருபுறம் 1,000 இருந்தாலும் மறுபுறம் 100 என்றால் முடிவு 100 தான். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரிவதில்லை. எல்லாம் செவ்வனே நடப்பது போலவே தோன்றும். இதுவே இக்குறையின் சூழ்ச்சி.

நூறு என்றால் நூறு வரவேண்டாமா, 94 ஏன்? நூல் பேலை எடைபோட்டால் சாக்கும் கயிறும் சேர்ந்தே நிற்கும் அல்லவா? இங்கும் அப்படித்தான். 1,500 பைட் கொண்ட ஒவ்வொரு சுமையும் கம்பியில் 1,538 பைட் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த 1,500-இலும் 40 அல்லது 52 பைட் முகவரிக்கும் வரிசையெண்ணுக்கும் போய்விடும். எஞ்சும் சரக்கு 1,448 பைட் எனின், நூற்றுக்கு 94 என்று கணக்கு வருகிறது. ஆகவே எந்தத் திட்டம் வாங்கியிருந்தாலும் அளவு 94-இல் அசையாது நின்றால், வழியில் எங்கோ ஒரு நூறு மெகாபிட் மடை இருக்கிறதென ஐயுறலாம். 1,000 மெகாபிட் வழியில் இதே கணக்குப்படி உச்சம் 941 ஆகும்.

ஸ்விட்சை மாற்றினோம். ஐந்து துளை கொண்ட 1,000 மெகாபிட் ஸ்விட்ச் ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கிறது. கணினிகளில் ஒன்று உடனே 290-ஐத் தாண்டியது. மற்றொன்றோ 94-ஐ விட்டு அசையவில்லை!

அதன் காரணம் நெசவாளர்க்கு விருப்பமூட்டுவது. லேன் கேபிளின் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகளாக ஓடுகின்றன: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. முறுக்கு எதற்கு? வெளியிலிருந்து புகும் மின் இரைச்சல் முறுக்கிய இரு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்கும். பெறும் முனை இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மட்டுமே படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். நான்கு இணைகளுக்கும் முறுக்கின் அளவு வெவ்வேறு. ஒன்றாகவே இருப்பின் ஓர் இணையின் பேச்சு அடுத்ததில் கேட்கத் தொடங்கிவிடும். முனையில் செருகியை அழுத்துவோர் அரை அங்குலத்திற்கு மேல் முறுக்கைப் பிரிக்கலாகாது என்பதும் இதனாலேயே. முறுக்குக் குறைந்த நூல் தறியில் என்ன செய்யும் என்பதை அறிந்த கைகளுக்கு இது எளிதில் விளங்கும்.

100 மெகாபிட் தரத்திற்கு இரண்டு இணைகளே போதும். 1,000 மெகாபிட் தரத்திற்கோ நான்கும் வேண்டும். நமது கேபிளைப் போட்டவர் நீலத்தையும் பழுப்பையும் செருகியின் அருகே நறுக்கிவிட்டு, நான்கு கம்பிகளை மட்டும் பொருத்தியிருந்தார். அந்நாளில் அது போதுமானதாக இருந்தது; அவரைக் குறை கூறுவதற்கில்லை. புதிய செருகி போட்டு எட்டையும் பொருத்தியவுடன் அக்கணினியும் வழிக்கு வந்தது.

கேபிள் வாங்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். உறையின் மேல் 'கேட் 5ஈ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்டிருப்பது மட்டும் போதாது. அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசிய மலிவுச் சரக்கும் அதே எழுத்துகளுடன் விற்கிறது. அதில் மின் தடை மிகுதி. வளைத்தால் எளிதில் ஒடியும். ஜரிகையை உரசி உள்ளே சிவப்புப் பட்டிழை இருக்கிறதா என்று பார்க்கும் நம் அங்கத்தினர், கம்பியையும் கத்தியால் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே வெளுத்திருந்தால் அது செம்பன்று.

தொலைவுக்கும் வரம்பு உண்டு. ஒரே நீட்டில் 100 மீட்டருக்கு மேல் இக்கேபிளை நம்பலாகாது. நமது விளைபொருட் கிடங்கு அலுவலகத்திலிருந்து அதற்கும் அப்பால் உள்ளது. திறந்த வெளியில் செம்புக் கம்பி இழுத்தால் இடி மின்னலின்போது இருபுறக் கருவிகளுக்கும் கேடு. எனவே கண்ணாடியிழை இழுத்து, இரு முனைகளிலும் மாற்றுப் பெட்டி வைத்தோம்.

சில பழைய ரௌட்டர்களில் துளை 1,000 மெகாபிட் ஆயினும், உள்ளிருக்கும் செயலி அத்தனை வேகத்தில் சரக்கைப் பிரித்தனுப்ப வல்லதாய் இராது. ஆயிரம் மெகாபிட் திட்டம் வாங்குவோர் மட்டும் இதனைப் பற்றிக் கவலைப்பட்டால் போதும்.

தம் வீட்டில் குறை எங்குள்ளது என்று காண விரும்புவோர் இவ்வாறு செய்க. நான்கு இணைகளும் பொருந்திய ஒரு புதுக் கேபிளால் மடிக்கணினியை இழை முடியும் பெட்டியோடு நேரே இணைத்து அளக்க வேண்டும். அங்கேயே குறைந்தால் கணினியின் துளையையும் பெட்டியின் துளையையும் சரிபார்த்த பிறகு தொடர்பு அளிப்பவரைக் கேட்கலாம். அங்கே சரியாக இருந்தால், ரௌட்டர், ஸ்விட்ச், பழைய கேபிள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே அளந்து வருக. எது சேர்ந்தவுடன் எண் விழுகிறதோ அதுவே மடை. வைஃபை வழியாக அளந்த எண்ணைக் கொண்டு எவரோடும் வழக்காடற்க; இரண்டு சுவர்கள் குறுக்கிட்டாலே அது பாதியாகலாம்.

வைஃபை என்றதும் நாம் மறைக்கக் கூடாத ஒன்று நினைவுக்கு வருகிறது. எல்லாம் சீரான பின் ஒரு வாரம் கணக்கெடுத்ததில், நமது அலுவலகத்தின் பயன்பாடு எந்த வேளையிலும் 60 மெகாபிட்டைத் தாண்டவில்லை. அன்று நாம் முறையிட்ட தாமதம், காணொளிக் கூட்டம் நடக்கும் உள்ளறைக்கு வைஃபை எட்டாததால் வந்ததே. அவ்வறைக்கு ஒரு கேபிள் இழுத்ததும் அது தீர்ந்தது. எனவே பேரவையில் எழுந்த வினாவிற்கு விடை இரண்டு: மூன்று மடங்கு வேகம் வரவில்லை, அது நமக்குத் தேவையாகவும் இல்லை. நடப்புத் தவணை முடிந்ததும் 100 மெகாபிட் திட்டத்திற்குத் திரும்ப நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது.

பழைய ஸ்விட்சை எறிந்துவிடவில்லை. கிடங்கில் இருப்புக் கணக்கெழுதும் ஒரு கணினிக்கும் ரசீது அச்சிடும் இயந்திரத்திற்கும் நூறு மெகாபிட்டே மிகுதி. தூசி துடைக்கப்பட்டு, மாற்றுப் பெட்டியின் பக்கத்தில் அது இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது.