விசையும் குறியும்: முனையத் தொகுப்பிகளிற் கட்டளை விசைகளின் அமைப்பு

முன்னுரை

கணிப்பொறியின்வழி நூல் பதிப்பிப்போரும் சொல்லடைவு தொகுப்போரும் கையாளும் கருவிகளுள் உரைத்தொகுப்பி ஒன்று. அவ்வகையுள்ளும், சுட்டெலியின் துணையின்றி விசைப்பலகை ஒன்றையே கொண்டு முனையத் திரையில் இயங்குவன தனித்தன்மை உடையன. வீ, அதன் வழிவந்த விம், ஈமாக்ஸ் ஆகியன அவற்றுள் தலையாயவை. இவற்றைப் புதிதாகப் பயில்வோர், அழுத்திய விசை ஒன்றாகவும் விளைந்த செயல் மற்றொன்றாகவும் இருத்தல் கண்டு மயங்குவர். அம்மயக்கத்தால் எழுதிய பகுதியை இழப்பாரும் உளர். இம்மயக்கத்திற்குக் காரணம் யாது, அதனை நீக்கும் வழி யாது என்பனவற்றை, வீ, விம் என்னும் இரண்டனை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முனையத்தின் இயல்பு

முனையம் என்பது முன்னாளில் திரையும் விசைப்பலகையும் கொண்டு, கம்பி வழியே கணிப்பொறியோடு இணைந்திருந்த தனிக்கருவி. இன்று அது பெரும்பாலும் சாளர வடிவில் அமைந்த ஒரு மென்பொருளே. ஆயினும் பழைய கருவியின் மரபினையே அது போற்றி வருகின்றது. அம்மரபாவது, எந்த விசை அழுத்தப்பட்டது என்னும் செய்தியை அனுப்பாது, அவ்விசைக்குரிய குறியெண்ணை மட்டுமே அனுப்புதல்.

1963-இல் முதன்முதல் வெளியான ஆஸ்கி குறிமுறையின் எண்கள் 128. அவற்றுள் முதல் 32-ம் எழுத்தாகாத கட்டுப்பாட்டுக் குறிகள். கண்ட்ரோல் விசையோடு ஓர் ஆங்கில எழுத்தை அழுத்தின், அவ்வெழுத்து நெடுங்கணக்கில் நிற்கும் இட எண்ணே குறியெண்ணாகச் செல்லும். ஐ என்பது ஒன்பதாம் எழுத்து. ஆதலின் கண்ட்ரோலோடு கூடிய ஐ 9 என்னும் எண்ணை அனுப்பும். டேப் விசைக்குரிய எண்ணும் 9 ஆதலின் இவ்விரண்டனையும் தொகுப்பி வேறு பிரித்தறிய இயலாது. அவ்வாறே கண்ட்ரோலோடு கூடிய எம் 13 என்னும் எண்ணால் என்டர் விசையோடும், இடச் சதுர அடைப்புக்குறி 27 என்னும் எண்ணால் எஸ்கேப் விசையோடும் ஒன்றாகின்றன. டேப் விசைக்குத் தனிக்கட்டளை வகுத்தவர், கண்ட்ரோல்-ஐ என்பதன் பழைய பொருளும் உடன் மறைந்தது கண்டு வியப்பதற்குக் காரணம் இதுவே. இக்குறையை நீக்கும்பொருட்டு எக்ஸ்டெர்ம், கிட்டி முதலிய முனையங்கள் விரிந்த குறிமுறைகளை வகுத்துள்ளன. முனையமும் தொகுப்பியும் ஒருங்கே ஏற்றவிடத்து மட்டுமே அவை பயன்தரும்.

2. வீ விசைகளின் தோற்றம்

1976-ஆம் ஆண்டளவில் பெர்க்லியில் பில் ஜாய் என்பார் வீ தொகுப்பியை ஆக்கினார். அவர் கையாண்ட ஏ.டி.எம். 3ஏ என்னும் முனையத்தில் அம்பு விசைகள் தனியே இல்லை. எச், ஜே, கே, எல் என்னும் எழுத்து விசைகளின் மீதே அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. எஸ்கேப் விசையும் இன்று டேப் உள்ள இடத்தில், இடக்கை விரல் எளிதில் எட்டுமாறு நின்றது. ஆதலின் நான்கெழுத்தால் நகர்தலும் எஸ்கேப்பால் நிலை மாறுதலும் அன்று இயல்பாயின. 1991-இல் பிராம் மூலெனார் வெளியிட்ட விம் தொகுப்பியும் இம்மரபையே பின்பற்றியது. விசைப்பலகை மாறியபின் எஸ்கேப் தொலைவிற் சென்றமையின், மேற்கூறிய கண்ட்ரோல்-சதுர அடைப்பினை அதற்கு ஈடாகக் கொள்ளுதல் நன்று.

3. எஸ்கேப் என்னும் பொதுக்குறி

அம்பு, செயல் விசை முதலியவற்றிற்கு ஆஸ்கியில் இடமில்லை. ஆதலின் அவை எஸ்கேப்பை முதலாகக் கொண்ட குறித்தொடரை அனுப்புகின்றன. மேல்நோக்கு அம்பு, ஒரு நிலையில் எஸ்கேப், சதுர அடைப்பு, ஏ என்றும், மற்றொரு நிலையில் எஸ்கேப், ஓ, ஏ என்றும் மூன்று குறிகளாய்ச் செல்லும்.

தாமரை என்பது ஒருமொழியாய் மலரையும், தா மரை எனப் பிரிந்து தொடர்மொழியாய்ப் பிறிதொன்றையும் உணர்த்துதலின், இத்தகையனவற்றை நன்னூலார் பொதுமொழி என்பர். எஸ்கேப்பும் அத்தகையதே. தனித்து நின்று நிலைமாற்றத்தையும், தொடரின் முதலாய் நின்று அம்பினையும் அது குறிக்கும். மொழியில் இடம் நோக்கிப் பொருள் தெளிகின்றோம். தொகுப்பியோ காலம் நோக்கித் தெளிகின்றது. எஸ்கேப்பின் பின் உடனே குறி தொடரின் அம்பு. தொடராவிடின் தனி எஸ்கேப்.

முனையத்தின் வகையைத் தொகுப்பி பிறழ உணரின் விளைவது யாது? எழுதும் நிலையில் மேலம்பை அழுத்தின், எஸ்கேப் எழுதுநிலையை நீக்கும். ஓ மேலே ஒரு புதுவரி திறக்கும். ஏ அவ்வரியில் எழுத்தாய்ப் பதியும். அம்பை அழுத்தும்தோறும் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகள் தோன்றுதல் இதனாலேயே. டெர்ம் என்னும் சூழல்மாறியில் முனையத்தின் சரியான பெயரைக் குறித்தலே இதற்குத் தீர்வு.

காத்திருக்கும் காலத்தையும் வரையறுத்தல் வேண்டும். விம்மில் டைம்அவுட்லென் என்னும் அமைவின் இயல்பான அளவு 1000 மில்லிநொடி, அஃதாவது ஒரு நொடி. குறித்தொடர்களுக்கெனத் தனி அளவு கூறாவிடின் இதுவே அவற்றிற்கும் கொள்ளப்படும். எஸ்கேப் அழுத்தியபின் திரை தயங்கி நிற்கும். டிடைம்அவுட் என்பதனை இயக்கி, டிடைம்அவுட்லென் என்பதற்கு 50 அல்லது 100 மில்லிநொடி குறிப்பின் அத்தயக்கம் நீங்கும். தொலைவிலுள்ள கணிப்பொறியில் பணிபுரிவோர் இதனை மிகக் குறைத்தல் ஆகாது. தொடரின் உறுப்புகள் வழியிற் பிரிந்து காலந்தாழ்த்து வருதல் கூடும்.

4. முனையமே கொள்ளும் விசைகள்

சில விசைகள் தொகுப்பியைச் சென்றடைவதே இல்லை. கண்ட்ரோல்-எஸ் பிற மென்பொருள்களிற் சேமித்தற்குரியது. முனைய மரபிலோ அதன் குறியெண்ணாகிய 19 வெளியீட்டை நிறுத்துக என்றும், கண்ட்ரோல்-கியூவுக்குரிய 17 தொடர்க என்றும் பொருள்படும். தொகுப்பிகள் சில இவ்வழக்கைத் தாமே விலக்கிக்கொள்ளும். விலக்காதவற்றில் பழக்கத்தால் கண்ட்ரோல்-எஸ் அழுத்துவோர் திரை உறைந்தது கண்டு, கணிப்பொறி பழுதுற்றதென எண்ணிச் சாளரத்தை மூடிவிடுவர். கண்ட்ரோல்-கியூ ஒன்றே போதுமானது. யூனிக்சு வகை அமைப்புகளில் எஸ்.டி.டி.ஒய். என்னும் கட்டளையால் ஐ.எக்ஸ்.ஓ.என். என்னும் அமைவை நீக்கிவிடின் இவ்விடர் முற்றும் ஒழியும்.

5. தமிழ் எழுத்தும் கட்டளை விசையும்

தமிழ் உரைகளைத் தொகுப்போர்க்கு இருவகை இடர்கள் உள. முதலாவது, மெட்டா விசை பற்றியது. பழைய முனையங்கள் சில, மெட்டாவோடு அழுத்திய எழுத்தின் எண்ணோடு 128-ஐக் கூட்டி அனுப்பின. இன்றைய யூடிஎஃப்-8 முறையில் ககரம் 224, 174, 149 என்னும் மூன்று எண்களாற் குறிக்கப்படும். மூன்றும் 128-க்கு மேற்பட்டன. பழைய முறையை ஏற்கும் தொகுப்பி இவற்றை எழுத்தெனக் கொள்ளாது மூன்று மெட்டாக் கட்டளைகளெனக் கொள்ளும். ஆதலின் மெட்டா விசை எஸ்கேப்பை முன்னிட்டு அனுப்புமாறு முனையத்தை அமைத்தல் வேண்டும்.

இரண்டாவது, கட்டளை நிலை பற்றியது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் விசைகள் முறையே க, ப, ம, த என்பனவற்றைத் தரும்; அவற்றை விம் நகர்தற் கட்டளைகளாக அறியாது. லேங்மேப் என்னும் அமைவால் அவற்றைக் கட்டளை எழுத்துகளோடு பொருத்தலாம் எனின், ஆண்டும் ஓர் இடர் உண்டு. ஒரு மெய்யை இருமுறை அழுத்தின் முன்னது தானே புள்ளி பெறுதல் தமிழ்99-இன் விதி. இருகால் இடப்புறம் நகர விழைந்தார்க்குக் கிடைப்பது க்க என்பதே. ஆதலின் கணிப்பொறியின் விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே நிறுத்தி, தொகுப்பியினுள் கீமேப் என்னும் அமைவால் தமிழ் எழுதுதலே சிறந்தது. எழுத்துப் பொருத்தங்களைக் கோப்பாக ஒருமுறை எழுதிக்கொள்ளின், எழுதும் நிலையில் மட்டும் தமிழ் தோன்றும். கட்டளை நிலை மாறாது நிற்கும். எழுதும் நிலையில் கண்ட்ரோலோடு மேற்கூரைக் குறியை அழுத்தி இருமொழிக்கும் மாறலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், விசை வேறு, அது அனுப்பும் குறி வேறு என்பது தெளிவாகும். விசை பயன்தராவிடத்துத் தொகுப்பியைக் குறைகூறாது, முனையம் அனுப்பிய குறி யாது என முதற்கண் நோக்குதல் வேண்டும். விம்மில் எழுதும் நிலையில் கண்ட்ரோல்-வீ அழுத்திப் பின் அவ்விசையை அழுத்தின் அக்குறி பெரும்பாலும் திரையிற் புலனாகும். குறியை அறிந்தபின், முனையத்தின் பெயர், காத்திருக்கும் காலம், முனையம் தனக்கெனக் கொள்ளும் விசை, எழுத்துக்குறிமுறை என்னும் நான்கனையும் இம்முறையே ஆராயின், மயக்கத்தின் காரணம் இவற்றுள் ஒன்றன்பாற் பெரும்பாலும் புலப்படும் என்க.