பேப்பர் வாசித்தல்: தொடர்பியல் மாநாடுகளின் அரசியல் குறித்து

1

பத்திரிகை, வானொலி, சினிமா, தொலைக்காட்சி, இன்று கைபேசி என்று ஒரு சமூகம் தனக்குள் பேசிக்கொள்ளும் வழிகளை ஆராய்கிற துறை தொடர்பியல். யார், யாருக்கு, எந்தச் சாதனத்தின் வழியாக, என்ன சொல்கிறார்கள், அதனால் என்ன விளைகிறது என்பவை அதன் பழைய கேள்விகள். இத்துறையின் ஆய்வாளர்கள் ஆண்டுக்கொருமுறை ஏதாவதொரு நகரத்தில் கூடுகிறார்கள். அந்தக் கூட்டமும் ஒரு தொடர்புச் சாதனம்தான். அதற்கும் உரிமையாளர், கட்டணம், மொழி, தணிக்கை எல்லாம் உண்டு. அடுத்தவர் சாதனங்களை அக்கக்காகப் பிரித்துப் பார்க்கிறவர்கள் தங்கள் சாதனத்தை மட்டும் அபூர்வமாகவே பிரித்துப் பார்க்கிறார்கள்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். தொடர்பியல் என் துறையல்ல. இத்தகைய ஆண்டு மாநாடு ஒன்றில் மூன்று நாள் பார்வையாளனாக உட்கார்ந்திருந்த அனுபவமும், இத்துறை பற்றித் தொடர்ந்து வாசித்து வந்ததும்தான் இதை எழுத வைக்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. நம் நண்பர்கள் பலரையும் ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள். வீதி நாடகம் போடுகிறவரிடம், துண்டுப் பிரசுரம் அடிக்கிறவரிடம், பறையடிக்கிறவரிடம் பேட்டி எடுத்துப் போகிறார்கள். அந்தப் பேட்டிகள் எங்கே போய்ச் சேருகின்றன, அங்கே என்னவாக மாறுகின்றன என்பது இயக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2

உலக அளவில் இத்துறையின் இரண்டு பெரிய அமைப்புகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று அமெரிக்காவில் 1950இல் தொடங்கப்பட்டது. 'தேசிய' என்ற அடைமொழியோடு தொடங்கி, 1969இல் 'சர்வதேசத் தொடர்பியல் கழகம்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டது. மற்றது 1957இல் யுனெஸ்கோவின் ஆதரவில் பாரிஸில் உருவான சர்வதேச ஊடக, தொடர்பியல் ஆய்வுக் கழகம். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என்று மூன்று அலுவல் மொழிகள் இதற்கு. முதலில் இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடியது, பின்னர் ஆண்டுதோறும் கூடுகிறது.

இவற்றின் பின்னால் இருக்கும் வரலாறு அத்தனை தூய்மையானதல்ல. அமெரிக்கத் தொடர்பியல் ஆய்வு வேரூன்றிய காலம் பனிப்போர்க் காலம். உளவியல் யுத்தத்துக்கென அமெரிக்க அரசும் ராணுவமும் கொட்டிய பணம் இத்துறையின் வளர்ச்சியில் எவ்வளவு பங்கு வகித்தது என்பதை 1994இல் கிறிஸ்டோபர் சிம்ஸன் ஒரு முழு நூலாகவே எழுதினார். 1958இல் வெளிவந்த டேனியல் லெர்னரின் நூலை உதாரணமாகப் பார்க்கலாம். மேற்காசிய நாடுகளில் வானொலி கேட்பவர்களைப் பற்றி எடுத்த கணக்கெடுப்பிலிருந்து பிறந்தது அது. பல்காட் என்கிற துருக்கிக் கிராமத்தின் தலைவரும் மளிகைக் கடைக்காரரும் அதில் வருகிறார்கள். தலைவர் இருப்பதில் திருப்தி கொண்டவர், ஆகவே 'மரபு'. கடைக்காரர் நகரத்தில் பெரிய கடை போட ஆசைப்படுகிறவர், ஆகவே 'நவீனம்'. ஒரு மனிதனின் ஆசையை எடுத்து ஒரு சமூகம் போகவேண்டிய திசையாக்கிவிடுகிறார் லெர்னர். இதே தடத்தில்தான் 1964இல் வில்பர் ஷ்ராம், வளரும் நாடுகளின் முன்னேற்றத்துக்கு வெகுசனச் சாதனங்கள் என்று ஒரு திட்டத்தையே வகுத்துத் தந்தார். நமது வானொலி நிலையங்களின் 'வளர்ச்சிச் செய்தி' மனோபாவத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

யுனெஸ்கோ சார்ந்த கழகத்தின் கதை கொஞ்சம் வேறு. லைப்ஸிக் (1974), வார்ஸா (1978), கராகஸ் (1980), பிராக் (1984) என்று இரு முகாம்களிலும், மூன்றாம் உலகிலும் அது கூடியது. செய்தி வடக்கிலிருந்து தெற்கு நோக்கி மட்டுமே பாய்கிறது, இதை மாற்ற வேண்டும் என்று அணிசேரா நாடுகள் குரல் எழுப்பிய காலம் அது. அந்தக் கோரிக்கையை ஆராய யுனெஸ்கோ அமைத்த மெக்பிரைட் குழு 1980இல் அறிக்கை தந்தது. நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸும் இந்தியப் பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸும் அக்குழுவின் உறுப்பினர்கள். இதற்கெல்லாம் பதில் என்னவாக வந்தது? 1984 முடிவில் அமெரிக்காவும், அடுத்த ஆண்டு பிரிட்டனும் யுனெஸ்கோவை விட்டு வெளியேறின. 1986இல் இக்கழகம் புதுதில்லியில் கூடியபோது அந்தக் கோரிக்கை ஏறக்குறைய முடங்கிவிட்டது. யார் பேசலாம் என்ற கேள்வியை நாடுகளே எழுப்பினால்கூட என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

3

சரி, மாநாட்டில் கலந்துகொள்வது என்றால் நடைமுறையில் என்ன?

மே மாதக் கூட்டத்துக்கு முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்திலேயே கட்டுரையையோ சுருக்கத்தையோ அனுப்பிவிட வேண்டும். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டு வேறு ஆய்வாளர்கள் படித்து மதிப்பெண் போடுவார்கள். பெயர் தெரியாது என்பதால் இது நடுநிலை என்கிறார்கள். பெயரை மறைக்கலாம், ஆங்கிலத்தை மறைக்க முடியுமா? எந்தெந்த நூல்களை மேற்கோள் காட்டியிருக்கிறோம் என்பதை மறைக்க முடியுமா? எந்த நூலகத்தில் உட்கார்ந்து எழுதினோம் என்பது அடிக்குறிப்பிலேயே தெரிந்துவிடுகிறது.

தேர்வானால் கட்டணம். அமெரிக்கக் கழகம் நாடுகளை வருமானத்தின்படி மூன்று படிகளாகப் பிரித்து, ஏழை நாட்டவருக்குக் குறைத்து வாங்குகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விமானக் கம்பெனிக்கும் ஓட்டலுக்கும் இந்தப் படிகள் எதுவும் கிடையாது.

போய்ச் சேர்ந்தால் கழுத்தில் பேட்ஜ். எதிரே வருகிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பேட்ஜில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கிறார். ஒரே நேரத்தில் பத்து இருபது அறைகளில் அமர்வுகள். ஒன்றேகால் மணி நேரத்தில் நாலைந்து பேப்பர். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம், பதினைந்து நிமிஷம். இரண்டாண்டுக் களப்பணியைப் பன்னிரண்டு நிமிஷத்தில் சொல்ல வேண்டுமென்றால் எதை விட வேண்டும்? ஆட்களின் பேச்சு, ஊரின் வரலாறு, சாதி, சண்டை எல்லாம் போய்விடும். முன்னுரை, கோட்பாட்டுச் சட்டகம், முறையியல், முடிவு என்ற எலும்புக்கூடு மிஞ்சும். அறிவு இந்த வடிவத்துக்குள் ஊற்றப்படுகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. இந்த வடிவத்துக்குள் நிற்பது மட்டுமே அறிவென்று அங்கீகரிக்கப்படுகிறது.

நான் போயிருந்த மாநாட்டில் ஒரு மாணவி, மீன் விற்கும் பெண்கள் கைபேசியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பேசினார். படகு எப்போது கரை சேரும், ஏலத்தில் யார் யார் நிற்கிறார்கள், கடன் கொடுத்தவன் வந்திருக்கிறானா என்பதையெல்லாம் ஒருவருக்கொருவர் அழைத்துச் சொல்லிக்கொள்கிறார்கள். சில சமயம் ஒரு 'மிஸ்டு கால்' போதும், எத்தனை முறை அடிக்கிறது என்பதிலேயே செய்தி இருக்கிறது. அறையில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். பேசி முடித்ததும் வந்த முதல் கேள்வி: உங்கள் முடிவு ராபர்ட் ஜென்ஸனின் ஆய்வை உறுதிப்படுத்துகிறதா? 2007இல் வெளிவந்த புகழ்பெற்ற பொருளாதார ஆய்வு அது. வட கேரளக் கடற்கரைக்குக் கைபேசி வந்தபின் சந்தைக்குச் சந்தை மீன் விலையில் இருந்த வேறுபாடு குறைந்ததையும், மீன் வீணாவது நின்றதையும் காட்டியது. அதன் கண் படகிலும் விலையிலும் இருந்தது. இந்த மாணவி சொல்ல வந்ததோ கூடைக்காரப் பெண்களிடையே உருவாகியிருக்கும் ஒரு சங்கேத மொழியைப் பற்றி. அது கேள்வி கேட்டவர் காதில் விழவில்லை. அடுத்த கேள்வி: உங்கள் கோட்பாட்டுச் சட்டகம் என்ன?

இந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. கோட்பாடு ஓரிடத்தில் உற்பத்தியாகிறது, தரவு வேறிடத்தில் விளைகிறது. பருத்தியும் துணியும் மாதிரி. நமது அனுபவம் கச்சாப் பொருளாகக் கப்பலேறி, இன்னொருவரின் கோட்பாட்டுக்கு ஆதரவாகவோ விதிவிலக்காகவோ திரும்பி வருகிறது. அந்தப் பெண்களின் அழைப்புக் கணக்கே ஒரு தொடர்புக் கோட்பாடு என்று சொல்ல அந்த அறையில் இடமில்லை.

4

இது ஏதோ நம் தாழ்வு மனப்பான்மையின் கண்டுபிடிப்பு என்று நண்பர்கள் நினைக்க வேண்டாம். துறைக்குள்ளிருந்தே இதைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். 2018இல் பவுலா சக்ரவர்த்தியும் இன்னும் மூவரும் சேர்ந்து, அமெரிக்கக் கழகத்தின் இதழிலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1990 முதல் 2016 வரை பன்னிரண்டு தொடர்பியல் இதழ்களில் யார் எழுதினார்கள், யார் மேற்கோள் காட்டப்பட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். வெள்ளையரல்லாதவர்கள் எழுதியது குறைவு, எழுதியது மேற்கோள் காட்டப்பட்டது அதிலும் குறைவு. 'தொடர்பியல் இத்தனை வெள்ளை' என்கிற பொருளில் தலைப்பிட்டிருந்தார்கள்.

வாசலிலேயே நிறுத்தப்படுகிறவர்கள் இந்தக் கணக்கில்கூட வருவதில்லை. 2017 ஜனவரியில் ஏழு முஸ்லிம் நாடுகளின் மக்கள் அமெரிக்காவுக்குள் நுழைய ட்ரம்ப் அரசு தடை விதித்தது. அந்த ஆண்டு மே மாதம் கழகத்தின் மாநாடு ஸான் டியாகோவில். நீதிமன்றங்கள் அப்போது தடையை நிறுத்தி வைத்திருந்தன என்பது உண்மை. ஆனால் தெஹ்ரானில் உட்கார்ந்து விசாவுக்கு எழுதிப்போடுகிற மாணவர் நீதிமன்றத் தீர்ப்பை நம்பியா டிக்கெட் எடுப்பார்?

அமெரிக்காவைச் சொல்லிவிட்டு நாம் நல்லவர்கள் ஆகிவிட முடியாது. தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக வைத்து 1981லேயே நூல் எழுதியவர் கா. சிவத்தம்பி. நம் மொழிச் சூழலிலிருந்து எழுந்த முக்கியமான தொடர்பியல் சிந்தனைகளில் அது ஒன்று. அவரை 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டில் கலந்துகொள்ள விடாமல் திருப்பி அனுப்பினோம். வாசலில் நிற்கிற காவலன் எந்த மொழி பேசினாலும் காவலன்தான்.

உள்ளேயும் நம் நிலைமை அப்படியொன்றும் பெருமைப்படும்படி இல்லை. 2010இன் யுஜிசி விதிமுறைகள் கருத்தரங்கில் பேப்பர் வாசிப்பதற்குப் புள்ளி கொடுத்தன. அதன்பிறகு கட்டணம் வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஐஎஸ்பிஎன் எண்ணோடு தொகுப்பாகப் போடுவது நமது தமிழ்த் துறைகளில் ஒரு தொழிலாகவே நடந்தது. வாசித்தவர் உண்டு, கேட்டவர் இல்லை. கட்டுரையை வாசிக்காமலேயே சான்றிதழ் வாங்கிப் போனவர்களும் உண்டு.

5

மாற்று எங்கேயாவது தென்படுகிறதா?

2014 ஜூலையில் யுனெஸ்கோ வழிவந்த கழகம் ஹைதராபாத்தில் கூடியது. 'பிரதேசம்' என்பதை ஒரு சட்டகமாக வைத்து விவாதிப்பதுதான் அந்த ஆண்டின் மையப் பொருள். தெலங்கானா தனி மாநிலமாகி அப்போது ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. பிரதேசம் என்றால் என்ன என்பதை அந்த ஊர் மக்கள் பல பத்தாண்டுகளாகப் பாட்டாகவும் ஊர்வலமாகவும் சாவாகவும் விவாதித்து முடித்திருந்தார்கள். ஆனால் மாநாட்டுக் கழகத்தின் மூன்று அலுவல் மொழிகளில் தெலுங்கும் உருதும் கிடையாது. இதை ஏற்பாட்டாளர்களின் குற்றம் என்று சொல்ல வரவில்லை. இது அமைப்பின் இலக்கணம்.

அந்த நகரத்திலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்தில், ஜஹீராபாத் பகுதியின் மாச்சனூர் கிராமத்தில், தலித் பெண்கள் நடத்துகிற சங்கம் ரேடியோ இருக்கிறது. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்த பிறகும், 2006இல்தான் மக்கள் அமைப்புகள் வானொலி நடத்த அரசு கதவைத் திறந்தது. அதுவரை உரிமம் இல்லாமல் ஒலிநாடாவில் பதிவு செய்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் இந்தப் பெண்கள். 2008 அக்டோபரில் ஒலிபரப்பு தொடங்கியது. விதை, மருந்து, பாட்டு, எல்லாம் அவர்கள் பேசுகிற தெலுங்கில்.

இதே அமைப்பின் பெண்கள் படமும் எடுக்கிறார்கள். கேமரா கோணங்களுக்கு அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். மேலிருந்து கீழே பார்ப்பது 'பட்டேல் ஷாட்', நிலக்காரன் கூலியாளைப் பார்க்கிற பார்வை. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது 'அடிமை ஷாட்'. கண்ணுக்கு நேர் கண்ணாகப் பார்ப்பது 'சங்கம் ஷாட்', ஏனென்றால் சங்கத்தில் எல்லோரும் சமமாக உட்கார்கிறார்கள். திரைப்படக் கல்லூரி 'லோ ஆங்கிள்', 'ஹை ஆங்கிள்' என்று இடத்தை மட்டும் சொல்கிறது. இந்தப் பெண்கள் அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். பார்வையின் அதிகாரம் பற்றி மேற்கே எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு விளக்கவுரையாக அல்ல, அவற்றோடு வாதிடக்கூடிய ஒரு கோட்பாடாகவே இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

6

ஆகவே இந்த மாநாடுகளைப் புறக்கணியுங்கள் என்று சொல்லமாட்டேன். மெக்பிரைட் அறிக்கைக்காக வாதாடியவர்களும் இப்படிப்பட்ட கூட்டங்களில்தான் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். மேடையில் கிடைக்காத நண்பர்கள் டீ இடைவேளையில் கிடைக்கிறார்கள். போக வாய்ப்பிருப்பவர்கள் போகட்டும். ஆனால் நம்மிடம் பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் சில விஷயங்களைக் கறாராகக் கேட்கலாம். கட்டுரையைத் தமிழில் எங்களுக்குத் தருவீர்களா? எங்கள் ஊரில் ஒரு முறை வாசிப்பீர்களா, நாங்கள் மறுத்துப் பேசினால் அதையும் சேர்ப்பீர்களா? நாங்கள் வைத்திருக்கிற பெயர்களை அப்படியே பயன்படுத்துவீர்களா, இல்லை உங்கள் சட்டகத்துக்குள் மாற்றிப் போடுவீர்களா? எங்கள் பெயர் நன்றியுரையில் வருமா, ஆசிரியர் பெயர்களோடு வருமா?

இந்தக் கேள்விகளுக்கு ஆமென்று சொல்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு வேலை செய்யலாம். மற்றவர்களிடம் பேசுவதற்கு முன்பு, நாம் செய்கிற காரியத்தைப் பற்றி நாமே ஒரு நாலு பக்கம் தமிழில் எழுதி வைத்துவிடுவது நல்லது. பிறகு யார் வந்தாலும் அதைப் படித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கவேண்டியிருக்கும்.